கேப்ஸ் லாக் விளக்கைக் கேளுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு அடித்துத் தரும் கடைகளானாலும் சரி, வீடானாலும் சரி, எழுத்து திரைக்கு வரத் தாமதமானால் பழி முதலில் கீபோர்டு மேல்தான் விழும். தலையில் இரண்டு தட்டு, அப்புறம் கடைப் பையனின் "புதுசு வாங்கிடலாம்ணே". பாதி நேரம் கீபோர்டு பாவம், ஒரு தப்பும் செய்திருக்காது.

கேப்ஸ் லாக்கை நாலைந்து தடவை அழுத்திப் பாருங்கள். அந்தக் குட்டி விளக்கைக் கீபோர்டு தானாக எரியவிடுவதில்லை. கீ அழுத்திய செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், விளக்கைப் போடச் சொல்லி அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்தால்தான் எரியும். விளக்கு சட்சட்டென்று மாறுகிறது, வேர்டில் மட்டும் எழுத்து ஊர்ந்து வருகிறது என்றால் கீபோர்டும் வயரும் சரியாகவே இருக்கின்றன. நோட்பேடைத் திறந்து அடித்துப் பாருங்கள். அங்கே வேகமாக வந்தால் கோளாறு வேர்டில். அங்கேயும் இழுத்தால் பின்னால் ஏதோ ஒன்று கம்ப்யூட்டரை மூச்சுத் திணற வைக்கிறது. விளக்கே மாறவில்லை, ஆனால் மவுஸ் நன்றாக நகர்கிறது என்றால் கீபோர்டை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

விண்டோஸில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்தியபடி யோசித்துக்கொண்டிருந்தால் 'ஃபில்டர் கீஸ்' வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். கை நடுங்குபவர்களுக்கான வசதி அது. சட்டென்று தட்டிவிட்டு எடுக்கும் அழுத்தங்களைக் கணக்கில் சேர்க்காது. படிக்காமல் ஆமாம் சொல்லிவிட்டால் நல்ல கீபோர்டும் செத்தது மாதிரி ஆகிவிடும். செட்டிங்ஸில் போய் அணைத்தால் போதும்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால்தான் கீபோர்டின் உள்ளே பார்க்க வேண்டும். 104 கீக்கும் தனித்தனி வயர் கிடையாது. குறுக்கே 8, நெடுக்கே 18 என்று கோடு போட்டால் 26 கோடுகளில் எல்லாம் அடங்கிவிடும். மலிவான கீபோர்டில் இவை இரண்டு பிளாஸ்டிக் தாள்களில் மின்சாரம் கடத்தும் மையால் அச்சடிக்கப்பட்டிருக்கும். நடுவே ஓட்டைகள் போட்ட மூன்றாவது தாள். கீயை அழுத்தினால் ரப்பர் குமிழ் மேல்தாளை அமுக்கி, ஓட்டை வழியே கீழ்த்தாளைத் தொட வைக்கும். எந்தக் குறுக்குக் கோடு எந்த நெடுக்குக் கோட்டைத் தொட்டது என்று ஒரு சிப் ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே ஒரு கீ மக்கர் செய்தால் அடியில் குப்பையைத் தேடுங்கள். நாலைந்து கீ சேர்ந்து வாயை மூடிக்கொண்டால் ஒரு கோடே அறுந்திருக்கிறது.

தாள்கள் தொட்டதும் தொடர்பு உடனே நிலைப்பதில்லை. சில மில்லிநொடி துள்ளும். சிப் கொஞ்சம் பொறுத்திருந்து அதை ஒரே அழுத்தாக எடுத்துக்கொள்ளும். அரிப்பு பிடித்த இடத்தில் துள்ளல் நீண்டுவிடும். 'அம்மா' அடித்தால் 'அம்ம்மா' வந்து நிற்பது இதனால்தான்.

தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் அரிப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை, ஜன்னல் வழியே கடல் உப்போடு அதுவே வரும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோர விடியற்காலையில் இது சாதாரணம். கரைந்த உப்பு நீர் மின்சாரத்தையும் கடத்தும், மையையும் அரிக்கும். காலையில் அடம்பிடிக்கும் கீபோர்டு மதியத்துக்கு மேல் சமர்த்தாகிவிட்டால் உப்பைச் சந்தேகிக்கலாம்.

வயர்லெஸ் என்றால் முதலில் பேட்டரி. அது சரியாக இருந்தும் எழுத்து விட்டுவிட்டு வந்தால், கம்ப்யூட்டரில் செருகிய அதன் குட்டி ரிசீவர் பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கின் மின்காந்த இரைச்சல் ரிசீவர் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

சுத்தம் செய்யும் முன் வயரைப் பிடுங்குங்கள். திருகுகளைக் கழற்றி, தாள்களைப் பிரித்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் லேசாக ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் மையும் கூடவே வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். கோடு கறுத்து உதிர்ந்திருந்தால் மெனக்கெடாதீர்கள். அந்தக் கடைப் பையன் சொன்னபடி புதுசே வாங்கிவிடலாம். லேப்டாப்பில் மட்டும் இந்தக் கைவேலை வேண்டாம். அதில் கீபோர்டுக்கு அடியிலேயே மற்ற எல்லாமும் இருக்கிறது.