ஒரு ஸ்லாட்டுக்குள் எத்தனை வீடு?

கைப்பேசியில் மளிகைச் சாமான்களைத் தேர்ந்தெடுத்து முடித்ததும், வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் நேரங்களின், அதாவது ‘ஸ்லாட்’களின், பட்டியல் வருகிறது: காலை 10 முதல் 12, மதியம் 12 முதல் 2, மாலை 4 முதல் 6. சில நேரங்களில் ‘நிறைந்துவிட்டது’ என்று போட்டிருக்கும். கோலாலம்பூரில், பங்சாரில் இருக்கும் அக்காவுக்கு அதே கடையில் 10 மணி ஸ்லாட் கிடைக்கிறது. செத்தாப்பாக்கில் இருக்கும் தம்பிக்குக் கிடைப்பதில்லை. ஸ்லாட் என்று நாம் வாங்குவது, ஏதோ ஒரு வேன் போகிற வழியில் ஓர் இடம்.

அந்த இடம் இருக்கிறதா என்று கணினி பார்ப்பது ஒரு சிறிய கழித்தல் கணக்கு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடு, அடுத்து பங்சாரில் ஒரு வீடு என வேனுக்கு ஏற்கெனவே வழி போட்டாயிற்று. இடையே 12 நிமிட ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். பங்சார் பாருவிலிருந்து புதிய ஆர்டர் வருகிறது. அங்கே போக 10 நிமிடம், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு 5. மொத்தம் 15, கூடுதல் சுமை 3 நிமிடம்தான். ஸ்லாட் திறந்தே இருக்கும். ஆர்டர் செத்தாப்பாக்கிலிருந்து வந்தால் போக 25, திரும்ப 28, கூடுதல் 41 நிமிடம். அந்த வேனில் மூன்று நான்கு வீடுகளுக்கு உரிய நேரம் அது. செந்தூல் பக்கம் ஓடும் இன்னொரு வேனில் இடமிருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் மூடிவிடும்.

பெட்ரோல் லாரிகளுக்கு வழி வகுக்க ஜார்ஜ் டான்சிக்கும் ஜான் ராம்சரும் 1959இல் எழுதிய கணக்கிலிருந்து கிளைத்த துறை இது. பத்தே வீடுகளை 3,628,800 விதமாக வரிசைப்படுத்தலாம். எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லாததால், மென்பொருள் ‘போதுமான அளவு நல்ல’ வழியைத் தேடி எடுத்து, இரவு முழுக்க அதை மாற்றி மாற்றிச் செப்பனிடுகிறது.

ஆனால் கோலாலம்பூரில் நேரத்தை விழுங்குவது சாலை மட்டுமல்ல. தரை வீடென்றால் வாசலில் நிறுத்தி, கூடையை இறக்கி, கையெழுத்து வாங்க 5 நிமிடம் போதும். அடுக்குமாடிக் கொண்டோமினியத்தில் கார்ட் ஹவுஸில் (காவலர் அறையில்) பெயரைப் பதிந்து, அடையாள அட்டையைக் காட்டி, சாமான் இறக்கும் இடத்தில் வேனை நிறுத்தி, அட்டை தட்டினால்தான் நகரும் லிஃப்டுக்காகக் காத்திருக்க வேண்டும். 12 நிமிடம் சாதாரணமாகப் போய்விடும். இடையே 6 நிமிட ஓட்டம் என்றால், இரண்டு மணி நேரத்தில் தரை வீடுகள் 10 முடியும். கொண்டோக்கள் ஆறோ ஏழோதான். அதே கட்டடத்தில் இரண்டாவது ஆர்டர் வந்தால் கார்ட் ஹவுஸ் வேலை மிச்சம். அதனால்தான் பக்கத்து வீட்டார் எடுத்த ஸ்லாட் நமக்கும் எளிதில் கிடைக்கிறது, சில கடைகளில் கட்டணமும் குறைகிறது.

வேனில் நேரம் இருந்தும் ஸ்லாட் மூடலாம். கடைக்குள் சாமான் எடுப்பவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. அரிசி, மாவு முதலில். பால், காய்கறி அடுத்து. உறைந்த கோழி, மீன் கடைசியில். உறைபொருள் மைனஸ் 18 டிகிரியிலும் குளிர்பொருள் 4 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதால் முன்கூட்டியே எடுத்துக் குவிக்க முடியாது. ஒரு பொருள் தீர்ந்துபோய், மாற்றுப் பொருளுக்காக வாடிக்கையாளரை அழைத்து அவர் எடுக்காவிட்டால், அந்த வரிசையே நிற்கும். எடையும் அப்படித்தான்: 1.5 லிட்டர் போத்தல் 12 உள்ள தண்ணீர்ப் பெட்டி ஒன்று 18 கிலோ. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எண்ணெய், மாவு, அரிசி என்று ஏறும்போது, நேரத்துக்கு முன்பே வேன் நிரம்பிவிடுகிறது.

தாமதம் தொற்றிக்கொள்ளும். 10 மணிச் சுற்றில் 20 நிமிடம் போனால், இடையில் ஓய்வு நேரம் வைக்காத திட்டத்தில் மாலைவரை எல்லா வீடும் பிந்தும். மாலை இடிமழையில், வெள்ளநீரைத் திருப்பிவிடவும் பயன்படும் ஸ்மார்ட் சாலைச் சுரங்கத்தை வாகனங்களுக்கு மூடினால் சுங்கை பீசி பக்கக் கணக்கெல்லாம் கலைந்துவிடும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் ஓட்டுநர்களும் குறைவு, பள்ளிவாசல் ஓரச் சாலைகளும் நெருக்கடி. தைப்பூச ரதம் துன் எச்.எஸ். லீ சாலை மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் போகும்போது, ஈப்போ சாலை வட்டார ஸ்லாட்டுகளை முன்பே குறைத்து வைக்காத கடை மாட்டிக்கொள்ளும்.

மீன், கோழி வாங்குவோர் காலை முதல் ஸ்லாட்டை எடுப்பது நல்லது; அதற்கு முந்தைய தாமதம் என்று எதுவும் இல்லை. கொண்டோவாக இருந்தால் வருகையாளர் பதிவை முன்பே செய்து, பிளாக் எண்ணையும் முகவரியில் எழுதுங்கள். வீட்டில் ஆள் இல்லாமல் கார்ட் ஹவுஸில் வைத்துப் போகச் சொல்வது மட்டும் வேண்டாம். 32 டிகிரிக்கு மேலான வெயிலில் பச்சைக் கோழி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால், அதைச் சமைக்காமல் குப்பையில் போடுவதே சரி.