கேஸ் இருந்தா ஓட்டு போயிடுமா?

மும்பை தாராவில கிரிமினல் கேஸ் நடத்துற வக்கீல் நான். எலெக்‌ஷன் அன்னிக்கு பெயில்ல இருக்குற பசங்க பலபேர் பூத் பக்கமே போறதில்ல, ஏன்டா போகலன்னா "கேஸ் இருக்குல்லக்கா, போனா புடிச்சுக்குவாங்க"ங்கறாங்க. அப்படி ஒரு சட்டமே கிடையாதுங்க.

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62(5)ல சொல்றது, ஜெயில்லயோ போலீஸ் கஸ்டடிலயோ அடைச்சு வச்சிருக்குற வரைக்கும் ஓட்டு போட முடியாது, அவ்ளோதான். பெயில்ல வெளிய இருந்தா போடலாம், தண்டனை முடிச்சு வந்தவங்களும் போடலாம், கொலைக் கேஸே ஆனாலும் சரி. ஓட்டுக்கு காசு குடுத்தது, கள்ள ஓட்டு மாதிரி தேர்தல் குத்தத்துல தண்டனை ஆனாதான் 6 வருஷத்துக்கு அந்த உரிமை போகும்.

என்னால ஏத்துக்கவே முடியாதது இதுதான். ஆர்தர் ரோடு ஜெயில்ல இருக்குறவங்க பெரும்பாலும் விசாரணைக் கைதிங்க, குத்தம் நிரூபணமே ஆகல, பெயில் ஆர்டர் வந்தும் சூரிட்டி, அதாவது ஜாமீன் கையெழுத்து, குடுக்க ஆளில்லாம உள்ள கெடக்குறவங்களும் உண்டு, இவங்க யாருக்கும் ஓட்டு இல்ல. ஆனா அதே சட்டத்துல 2013ல வந்த திருத்தத்துக்கப்பறம் உள்ள இருந்துக்கிட்டே எலெக்‌ஷன்ல நிக்கலாம்! 62(5) செல்லும்னு 1997லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. காசு இருக்குறவன் வெளிய வந்து ஓட்டு போடுறான், இல்லாதவன் போட முடியல, இது அநியாயம்தான்.

வெளிய வந்ததும் மொதல்ல வோட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாருங்க. உள்ள இருந்த நேரத்துல வீட்டாளுங்க ரூம் மாறியிருப்பாங்க, பேரை எடுத்திருப்பாங்க. எடுத்திருந்தா ஃபார்ம் 6, அட்ரஸ் மட்டும் மாறியிருந்தா ஃபார்ம் 8.

ஓட்டை விட வேலைதான் பெரிய அடி. 90 ஃபீட் ரோட்டுல ஒரு பையன், தெருச் சண்டைல பேர் சேத்துட்டாங்க, தாரீக் தாரீக்னு கோர்ட் வாய்தாவுக்கு அலைஞ்சு கடைசில விடுதலை ஆயிட்டான், ஆனாலும் டெலிவரி வேலைக்கு வெரிஃபிகேஷன்ல பழைய எஃப்ஐஆர் வந்து நின்னுச்சு. அவங்கம்மா ரேஷன் கார்டு வச்சிருக்குற கவர்லயே தீர்ப்போட சர்டிஃபைட் காப்பிய வச்சிருந்தாங்க, அதை எடுத்துட்டுப் போய் காட்டினப்பறம்தான் சேத்துக்கிட்டாங்க. அதனால விடுதலை ஆன அன்னிக்கே அந்தக் காப்பிக்கு அப்ளை பண்ணிடுங்க. கவர்மென்ட் வேலை ஃபார்ம்ல கேஸ் பத்தி கேட்டா மறைக்காதீங்க, மறைச்சது தெரிஞ்சா அந்த ஒரு காரணத்துக்கே வேலை போகலாம்.