கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் இல்லாத பஸ்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறது. வளைவு நெருங்கும்போது ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடிப்பார். மேலிருந்து இறங்கும் கார் விளக்கைச் சிமிட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும்; மலையேறும் வண்டிக்கே முதலில் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஓட்டுநர் கையை உயர்த்தி நன்றி சொல்வார். எல்லாம் மூன்றே நொடி. ஓட்டுநர் இல்லாத மின்சாரச் சிற்றுந்துகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த மூன்று நொடிதான் என் நினைவுக்கு வருகிறது.

சுவிட்சர்லாந்தின் சியோன் நகரில் 2016-இல் அப்படிப்பட்ட வண்டிகள் பயணிகளை ஏற்றத் தொடங்கின. ஸ்டீயரிங் கிடையாது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. உள்ளே உதவியாளர் ஒருவர் எப்போதும் இருந்தார். வழியில் யாராவது வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருந்தால், வீடியோ கேம் கருவி போன்ற ஒன்றைக் கையில் வைத்து அவரே சிற்றுந்தை அதைச் சுற்றி ஓட்டிச் சென்றார்.

இத்தகைய வண்டி பாதையை அறிவது எப்படி? முதலில் ஒரு மனிதர் அதே சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார். கூரையிலும் மூலைகளிலும் உள்ள லைடார் கருவிகள் நொடிக்குப் பல லட்சம் லேசர் துடிப்புகளை வீசி, அவை திரும்பிவரும் நேரத்தை அளக்கின்றன. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகும். 15 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தில் பட்டு வர 100 நானோநொடி. இப்படிச் சுவர், கம்பம், மரம் எல்லாம் புள்ளிகளாகப் பதிந்து ஒரு முப்பரிமாண வரைபடம் உருவாகிறது. பிறகு ஓடும்போது, கண்முன் தெரியும் புள்ளிகளை அந்த வரைபடத்தோடு பொருத்தி, செயற்கைக்கோள் சமிக்ஞையையும் சேர்த்துக்கொண்டு, சில சென்டிமீட்டர் பிசகில் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. தண்டவாளம் இல்லாத ரயில் என்றே சொல்லலாம்.

சேர்வராயன் மலையின் மூடுபனிதான் இந்தக் கண்ணை உறுத்தும். பனித்துளிகள் லேசரின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. ஒளியைச் சிதறடித்துக் கொஞ்சத்தைக் கருவிக்கே திருப்பி அனுப்பும். அப்போது வெறும் பனி, சுவர் போலத் தெரியும், வண்டி நின்றுவிடும். லேசருக்குப் பதில் ரேடியோ அலைகளை வீசிப் பார்க்கும் ரேடாரின் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர். அது பனியை ஊடுருவிப் போகும். ஆனால் மங்கலாகவே பார்க்கும்: எதிரே ஏதோ வருகிறது என்று சொல்லும், அதன் உருவத்தைத் தெளிவாகச் சொல்லாது.

பார்வையைவிடக் கடினமானது, ஹாரனாலும் விளக்காலும் கையாலும் சாலையில் நடக்கும் பேச்சு. 2017 நவம்பரில் லாஸ் வேகாஸில் சேவை தொடங்கிய முதல் நாளே, பின்னோக்கி வந்த லாரி ஒன்று இத்தகைய வண்டியை இடித்தது. தவறு லாரிக்காரருடையது. வண்டி லாரியைப் பார்த்தது, சரியாக நின்றது, நின்றபடியே இடி வாங்கியது. நம் ஓட்டுநர் என்றால் ஹாரன் அடித்திருப்பார், இரண்டடி பின்வாங்கியிருப்பார். 2020-இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் வண்டி சட்டென்று நிற்க, இருக்கையிலிருந்து ஒரு பயணி விழுந்தார். பத்து மாநிலங்களில் அந்த வகை வண்டிகளில் பயணிகளை ஏற்றுவது நிறுத்திவைக்கப்பட்டது. நின்றுகொண்டே பயணம் செய்வோர் நிறைந்த நம் பஸ்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

ஆகவே மலையில் ஆளில்லா வண்டியை ஏற்ற அவசரம் வேண்டாம். சேலம் உருக்காலைக் குடியிருப்பு போன்ற இடத்தின் உள்சாலைகளில், அனுபவமுள்ள நடத்துநரையே உதவியாளராக அமர்த்தி முதலில் ஓட்டிப் பார்க்கலாம். மலைக்கு வேறு வழி இருக்கிறது. வழக்கமான ஏற்காட்டு பஸ்ஸிலேயே லைடாரையும் ரேடாரையும் பொருத்திவிட்டு, வண்டியை ஓட்டுநரே ஓட்டட்டும். கருவி பதிவு மட்டும் செய்யட்டும். அவர் ஹாரன் அடித்த இடம், வழிவிட்ட இடம், கருவி குருடான இடம் மூன்றையும் ஒரு மழைக்காலம் முழுக்க வளைவு வளைவாகக் குறித்து வைத்தால், எந்த வளைவில் இயந்திரத்துக்கு என்ன தெரியவில்லை என்பது கைக்கு வந்துவிடும்.