குமரி மாவட்டத்தில் ஓர் ஆளைக் கண்டுபிடிக்க 21 கேள்விகள் போதும்

"பேரை எடுத்தாச்சு சார், இனி யாரு எவருன்னு தெரியாது." கணினிப் பாதுகாப்புத் தணிக்கைக்குப் போகும் இடங்களில், அது சின்ன மருத்துவமனையோ பள்ளிக்கூடமோ கடன் சங்கமோ, இதைக் கேட்காமல் நான் திரும்புவது அபூர்வம். எக்செல் கோப்பில் பெயரும் போன் நம்பரும் இருந்த நெடுவரிசைகளை மட்டும் அழித்துவிட்டு, மீதியை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பின்கோடு, தொழில், நோய் அல்லது கடன் பாக்கி எல்லாம் அதில் அப்படியே இருக்கும்.

பெயரை எடுத்தால் ஆள் மறைந்துவிடுவதில்லை. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கிளாட் ஷானன் 1948இல் தகவலை அளக்க ஒரு வழி சொன்னார். ஆம், இல்லை என்று பதில் வரும் ஒரு கேள்வி, மிஞ்சியிருப்பவர்களைச் சரிபாதியாகக் குறைத்தால் அந்தப் பதிலின் அளவு ஒரு பிட். இன்னும் எத்தனை பிட் தெரியாமல் இருக்கிறதோ அதுதான் என்ட்ரோபி. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்ட மக்கள்தொகை 18,70,374. இதைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் 20.8 பிட்டில் ஒரே ஆள்தான் மிஞ்சுவார். அதற்குப் பிறகு மக்கள்தொகை கூடியிருக்கும். ஆனால் 20,97,152 பேர் வரைக்கும் 21 கேள்விகளே போதும்.

இப்போது அந்த எக்செல் கோப்புக்கு வருவோம். 80 வருடத்துக்குள் பிறந்தவர்கள் என்று வைத்தால் பிறந்த தேதியாக வரக்கூடியவை சுமார் 29,200. அது மட்டுமே 14.8 பிட். ஆணா பெண்ணா என்பது இன்னொரு பிட். இரண்டும் தெரிந்தவுடன், மாவட்டம் முழுவதிலும் சராசரியாக 32 பேர்தான் மிஞ்சுகிறார்கள். 629 என்று தொடங்கும் பின்கோடுகள் இங்கே பல பத்து இருக்கின்றன. அதையும் சேர்த்தால் பெரும்பாலும் ஒரே ஒருவர்.

இது வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். 1990களில் லடான்யா ஸ்வீனி என்ற மாணவி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி அந்த நகரில் 6 பேருக்கு இருந்தது. அதில் 3 பேர் ஆண்கள். அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது.

எல்லா விவரமும் ஒரே கனமாக இருப்பதில்லை. எதிர்பார்த்த பதிலில் பிட் குறைவு, எதிர்பாராததில் அதிகம். கடற்கரை ஊரான குளச்சலின் பின்கோடுக்கு நேரே 'கடல் தொழில்' என்று இருந்தால் அதில் புதிதாகத் தெரிவது சொற்பம். அதே தொழில் மலையோரப் பேச்சிப்பாறைக்கு நேரே இருந்தால்? டீக்கடையில் கேட்டாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள். ரப்பர் பால்வெட்டுத் தொழிலை, ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரத்திலும் குளச்சலிலும் வைத்துப் பார்த்தால் இதே கணக்கு தலைகீழாக வரும். ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் பொருந்தும் விவரம் ஏறக்குறைய 10 பிட், அதாவது பாதி ஆள் வெளியே தெரிந்த மாதிரி. அரிய நோயின் பெயரும் அப்படித்தான். முகவரியில் 'விளை' என்று முடியும் சிற்றூர்ப் பெயர்களும் அப்படித்தான். பின்கோடு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பொது, விளையின் பெயரோ கொஞ்சம் வீடுகளுக்குத்தான்.

சரி, பட்டியலே கொடுக்கக் கூடாதா? கொடுக்கலாம். பிறந்த தேதிக்குப் பதில் பத்து வருட வயதுப் பிரிவு, பின்கோடுக்குப் பதில் தாலுகா. எட்டு வயதுப் பிரிவு, ஆறு தாலுகா, இரண்டு பாலினம் என்று பெருக்கினால் 96 கட்டங்கள், கட்டத்துக்குச் சராசரியாக 19,000 பேருக்கு மேல். மருத்துவ முகாம் அறிக்கைக்கோ புள்ளிவிவரத்துக்கோ இதுவே தாராளம். முழுத் தேதி வேண்டிய வேலைகளுக்கு அசல் கோப்பு அலுவலகத்திலேயே இருக்கட்டும். 95 வயதுப் பாட்டி எந்தப் பிரிவிலும் தனித்துத் தெரிவார், அவரைப் போன்றவர்களைக் கடைசிப் பிரிவில் '70க்கு மேல்' என்று சேர்த்துவிட வேண்டும். 2023ஆம் ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. ஆளை அடையாளம் காண முடிந்தால் அது தனிநபர் தரவுதான்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறு. ஆளைக் காட்டிக்கொடுக்கும் அதே பிறந்த தேதியைத்தான் பூட்டுக்குச் சாவியாகவும் வைத்திருக்கிறோம். இணையத்தில் எடுக்கும் ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும். பெயர் தெரிந்தவனுக்கு மிஞ்சுவது வருடம் மட்டும்தான், அதிகபட்சம் 100 வாய்ப்பு, 7 பிட் கூட இல்லை. ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் அது கடைக் கணினியின் டவுன்லோடு போல்டரில் கிடக்கும். பிடிஎஃப்பில் எத்தனை தடவை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், தடுக்க ஆளில்லை. ஏடிஎம் பின் வெறும் 13.3 பிட்தான் என்றாலும், மூன்று தடவை தவறினால் அட்டை முடங்கிவிடும். எண்ணிக்கையைவிட அந்த முடக்கம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆதார் எண்ணே தேவைப்படாத இடத்துக்குக் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

அந்த 13.3 கூட எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால்தான். கசிந்த 34 லட்சம் நாலு இலக்கக் கடவுச்சொற்களை 2012இல் நிக் பெர்ரி ஆராய்ந்தபோது, அவற்றில் 11 விழுக்காட்டை ஒட்டி 1234 ஆகவே இருந்தது. திருடன் எதைப் பலர் வைப்பார்களோ அதில்தான் ஆரம்பிப்பான். 'ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு கட்டாயம்' என்ற விதியும் இப்படித்தான் வீணாகிறது. எல்லாரும் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, ஓர் அட் குறி போட்டு, 123 சேர்க்கிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே இந்த விதியையும், மாதக் கணக்கு வைத்துக் கடவுச்சொல் மாற்றச் சொல்வதையும் வேண்டாமென்று சொல்லிவிட்டது. நம்மூர் அலுவலகங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வண்டி நம்பரைக் கடவுச்சொல்லாக வைப்பவர்களுக்கு ஒன்று: டிஎன் 74ஆ 75ஆ என்பது இந்த மாவட்டத்தில் ஒரு பிட், மீதி எல்லாம் வாசலில் நிற்கும் வண்டியிலேயே எழுதியிருக்கிறது. அப்புறம், 133 அடி வள்ளுவர் நிற்கும் மாவட்டமாயிற்றே, குறளைக் கடவுச்சொல்லாக வைப்பவர்களும் உண்டு. நீளமாக இருப்பதால் திரையில் பச்சையாக 'வலிமையானது' என்று வரும். குறள்கள் 1,330. அதில் ஒன்று என்று தெரிந்துவிட்டால் 10.4 பிட்தான், ஏடிஎம் பின்னைவிடக் குறைவு. ஆங்கில எழுத்தில் எப்படி அடித்தீர்கள் என்பதில் சில பிட் கூடலாம்.

நல்ல வழி பகடை. 7,776 சொற்கள் கொண்ட பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பகடையை ஐந்து தடவை உருட்டினால் வரும் எண்ணுக்கு நேரே பட்டியலில் ஒரு சொல் இருக்கும், அது 12.9 பிட். நாலு சொல் 51.7 பிட். எல்லாக் கடவுச்சொல்லையும் சேர்த்து வைக்கும் செயலிக்கு ஆறு சொல் வையுங்கள், 77 பிட்டைத் தாண்டும். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டக் கூடாது, அப்போதே கணக்கு கெட்டுப்போகும். அந்தச் சொற்களைத் தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இணையம் வழியே திருட வருபவன் மாவட்ட எல்லையில் இருக்கும் ஆரல்வாய்மொழி தாண்டி வந்து உங்கள் அலமாரியைத் திறக்கப்போவதில்லை. அலுவலக மானிட்டரில் மட்டும் ஒட்டாதீர்கள்.