சிரை அடைத்தால் மூளை நீர் எங்கே போகும்?

மூளையின் உள்ளறைகளிலும் அதைச் சுற்றியும் இருக்கும் மூளைத் தண்டுவடத் திரவம் மொத்தமே சுமார் 150 மில்லிதான். ஆனால் ஒரு நாளில் சுரப்பது ஏறக்குறைய 500 மில்லி, அதாவது நிமிடத்துக்கு 0.35 மில்லி. சுரக்கும் அளவுக்கு வடிந்தாக வேண்டும். அதில் பெரும்பங்கு போய்ச் சேருவது சிரை இரத்தத்தில். உச்சந்தலைக்குக் கீழே, முன்னிருந்து பின்னாக ஓடும் ஒரு பெரிய சிரைக் கால்வாய்க்கு ‘மேல் சஜிட்டல் சைனஸ்’ என்று பெயர் (சளி பிடித்தால் வலிக்கும் சைனஸ் வேறு). அதன் சுவரில் துருத்தி நிற்கும் அரக்னாய்டு முண்டுகள் வழியாகத் திரவம் உள்ளே கசிகிறது. நிணநீர் நாளங்கள் வழியாகவும் ஒரு பங்கு வெளியேறுகிறது.

இந்தக் கசிவுக்குப் பம்ப் எதுவும் இல்லை. திரவத்தின் அழுத்தம் சிரையின் அழுத்தத்தைவிட 3 முதல் 5 மி.மீ. பாதரசம் கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். படுத்திருப்பவரின் சிரைக் கால்வாயில் அழுத்தம் 7 என்று வைத்துக்கொள்வோம். திரவம் 10-ல் நின்றால் வடியும். சிரை அழுத்தம் 20-க்கு ஏறினால்? சுரப்பு அதற்காகப் பெரிதாகக் குறைவதில்லை. வடிய முடியாத நீர் தேங்கித் தேங்கி, தன் அழுத்தம் 23-ஐத் தொட்ட பிறகே பழைய வேகத்தில் வடியத் தொடங்குகிறது. ஓட்டத்தின் அளவு பழையபடியே இருக்க, மண்டைக்குள் அழுத்தம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. சாதாரண உச்சவரம்பு சுமார் 15.

சிரை அழுத்தம் ஏறினால் திரவ அழுத்தமும் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதுகில் ஊசி செலுத்தி, அதோடு இணைத்த கண்ணாடிக் குழாயில் திரவம் ஏறி நிற்கும்போது கழுத்தின் இரு பக்கச் சிரைகளையும் அழுத்தினால், சில நொடிகளில் திரவ மட்டம் விறுவிறுவென்று உயரும்; கையை எடுத்தால் இறங்கிவிடும். தண்டுவடத்தில் திரவப் பாதை அடைபட்டிருக்கிறதா என்று அறிய, ஜெர்மன் மருத்துவர் குவெக்கன்ஸ்டெட் 1916-ல் விவரித்த சோதனை இது. மண்டைக்குள் ஏற்கெனவே அழுத்தம் மிகுந்தவரிடம் செய்தால் ஆபத்து. ஸ்கேன் வந்தபின் இதற்குத் தேவையும் போய்விட்டது.

நோயாக வரும்போது இரண்டு காரணங்கள் முக்கியம். ஒன்று, சைனஸில் இரத்தம் உறைவது. மற்றொன்று, காதுக்குப் பின்பக்கமாகச் செல்லும் குறுக்குச் சைனஸ் குறுகுவது. இரண்டாவதில் ஒரு விஷச்சுழல் உண்டு. அந்தக் கால்வாயின் சுவர் சிலருக்கு எளிதில் அமுங்கும். திரவ அழுத்தம் ஏறினால் சுவர் நசுங்கும். நசுங்கினால் மேலே சிரை அழுத்தம் ஏறும். அது திரவ அழுத்தத்தை இன்னும் ஏற்றும். கொஞ்சம் திரவத்தை எடுத்துவிட்டாலே கால்வாய் மறுபடி விரிவதைப் பலரிடம் காணலாம். தலைவலி, நாடித்துடிப்போடு காதில் இரைச்சல், கண் நரம்பின் முனை வீங்கிப் பார்வை மங்குவது ஆகியவை அறிகுறிகள். பார்வை போனால் திரும்பாமலே போகலாம் என்பதால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இவ்வளவு அழுத்தத்திலும் பெரியவர்களின் மூளை அறைகள் பெரும்பாலும் விரிவதில்லை. அறைக்கு உள்ளேயும் மூளைக்கு வெளியேயும் அழுத்தம் ஒன்றாகவே ஏறுகிறது, மண்டையோடும் விரிந்துகொடுக்காது. ஆகவே ஸ்கேனில் அறைகள் இயல்பாகத் தெரிந்தால் அழுத்தம் இயல்பு என்று முடிவுகட்டிவிட முடியாது. எலும்பு மூட்டுகள் இன்னும் இறுகாத கைக்குழந்தைக்கோ தலையே பெரிதாகலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைக்காயம் பட்டவரின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தைத் திரும்பாமல் நேராக வைப்பது இந்தச் சிரைகளுக்காகத்தான். செயற்கைச் சுவாசக் குழாய் நகராமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிக் கட்டும் நாடாவுக்கு அடியில் விரல் நுழைகிறதா என்றும் பார்ப்பார்கள். அது இறுகினாலும் அழுத்தம் ஏறும்.