"எல்லாம் வீட்டிலேயே செஞ்சதுதான் டாக்டர்!"

விடுமுறை தொடங்கினால் போதும், கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம் இது. மேஜைமேல் நாய் நடுங்கிக்கொண்டு கிடக்கும். என்ன சாப்பிட்டது என்று கேட்டால், "கடைப் பொருள் எதுவும் கொடுக்கலை, எல்லாம் வீட்டிலேயே செஞ்சதுதான், கெமிக்கலே சேர்க்கலை" என்று பதில் வரும். உப்பும் கெமிக்கல்தான் ஐயா. வெங்காயத்தில் இருப்பதும் கெமிக்கல்தான். உங்கள் கையால் பிசைந்தீர்கள் என்பதற்காக நாயின் சிறுநீரகம் விட்டுக்கொடுக்காது.

உப்பு மாவு பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பிசைந்து, அச்சில் வெட்டி, காயவைத்து அலங்காரமாகத் தொங்கவிடுகிறீர்களே, அதுதான். வழக்கமான அளவு 2 கப் மைதா, 1 கப் உப்பு, 1 கப் தண்ணீர். கப் கணக்கில் உப்பு பாதிதானே என்று தோன்றும். தராசில் வைத்துப் பாருங்கள். 2 கப் மைதா சுமார் 250 கிராம். 1 கப் பொடியுப்பு அதைவிட அதிகம். காய்ந்து தண்ணீர் போனபின் பொம்மையின் எடையில் பாதி உப்பு. 30 கிராம் பொம்மை ஒன்றில் 15 கிராம் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு போனாலே நச்சு அறிகுறிகள் தொடங்கிவிடும். 4 கிராம் என்றால் உயிருக்கே ஆபத்து. 5 கிலோ நாய்க்கு அறிகுறி தொடங்க ஒரு பொம்மை போதும்.

"உப்புக் கரிக்குமே, தின்னாது" என்பார்கள். தின்னும். மாவின் வாசனை அதற்குப் போதும். முதலில் வாந்தி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர். பிறகு தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு. வார்னிஷ் பூசியிருக்கிறோம் என்பதும் பாதுகாப்பல்ல, கடித்தால் உடையும். உயரத்தில் தொங்கவிட்டாலும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மாவை இளக்கும், பொம்மை தானாகவே விழும். பூனைக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. அட்டையிலோ கெட்டித் துணியிலோ செய்யுங்கள், அழகு குறையாது. இன்னொன்று: ரத்தத்தில் ஏறிய சோடியத்தை அவசரமாக இறக்கினால் மூளை வீங்கும். அதனால்தான் மணிக்கணக்கில் டிரிப்ஸ், திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை. "ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்று கேட்காதீர்கள்.

குழந்தைகளுக்குக் கிண்டிக் கொடுக்கும் விளையாட்டு மாவு இதைவிட வம்பு. 1 கப் மைதாவுக்கு அரை கப் உப்போடு, மாவு மிருதுவாக இருக்க 2 தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டரும் (டார்ட்டாரிக் அமிலத்திலிருந்து வரும் வெள்ளைப் பொடி) சேர்ப்பார்கள். திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்ததே. எந்தப் பொருளால் என்பதுதான் புதிராக இருந்தது. இந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததைக் கவனித்த அமெரிக்க நச்சியல் கால்நடை மருத்துவர்கள், 2021-ல் திராட்சையிலும் இருக்கும் டார்ட்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். புளியும் அதே வரிசையில் வருகிறது. கேக்கில் போட்ட உலர்திராட்சைக்கும் இதே கதைதான். திராட்சைக்குத் திராட்சை அமிலத்தின் அளவு மாறும். போன வருஷம் பத்து தின்று ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த வருஷத்துக்குச் சான்றாகாது.

வெங்காயமும் பூண்டும். வதக்கினாலும் வேகவைத்தாலும் காயவைத்துப் பொடித்தாலும் நஞ்சு போகாது. பொடியில் இன்னும் செறிவாகும். 5 கிலோ நாய்க்கு 75 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயமே, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம் போதும். பூண்டு இதைவிடக் கடுமை. சாப்பிட்ட அன்று பிராணி துள்ளி விளையாடும்; ஈறு வெளுப்பதும் சிறுநீர் கருஞ்சிவப்பாவதும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான். அதற்குள் விருந்தையே நீங்கள் மறந்திருப்பீர்கள். துண்டுகளைப் பொறுக்கிவிட்டு வெறும் சாறு கொடுப்பதும் தவறு, சாற்றில்தான் எல்லாம் இறங்கியிருக்கிறது. பிராணியின் பங்கை உப்பும் வெங்காயமும் போடும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. கோகோ பொடி, சாக்லேட்டைவிட மோசம்: ஒரு மேஜைக்கரண்டி பொடி 5 கிலோ நாய்க்கு அறிகுறி வரவழைக்கும். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால், நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும், பல நேரம் அரை மணி நேரத்துக்குள். வேர்க்கடலை வெண்ணெயிலும் அது இருக்கலாம், வாங்கினால் லேபிளைப் படியுங்கள். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த பச்சை மாவு வயிற்றின் சூட்டில் ஊதிப் பெருகும், கூடவே சாராயமும் சுரக்கும். வெந்த எலும்பு கூராகப் பிளக்கும். கொழுப்பும் தோலும் கணையத்தை அழற்றும்.

இனி பூனை வைத்திருப்பவர்களுக்கு. நூல், ரிப்பன், ஜிகினா இழை எதையும் தரையில் விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கி இருப்பதால் வாய்க்குள் போன நூல் உள்ளே மட்டும்தான் நகரும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அந்த நூலின்மேல் சுருங்கிச் சுருங்கி மடியும், கடைசியில் நூல் குடலை அறுக்கும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள். வெட்டவும் வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். எக்ஸ்-ரேயில் நூல் தெரியாது, மடிந்த குடல்தான் தெரியும். ஊசி கோத்திருந்ததா என்று நீங்கள் சொல்வது எங்களுக்குப் பெரிய உதவி.

பசைகளில் மரவேலைக்கான பாலியூரித்தேன் பசைதான் எதிரி. வயிற்றின் ஈரம் பட்டதும் நுரைத்துப் பெருகிக் கல்லாக இறுகும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்கிறோம். வாந்தி எடுக்க வைத்தால் உணவுக்குழாயிலேயே இறுகலாம். பள்ளிக்கூட வெள்ளைப் பசைக்கும், பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல்லுக்கும் நள்ளிரவில் பதற வேண்டியதில்லை, கொஞ்சம் வாந்தியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பொத்தான் பேட்டரி அப்படியல்ல, உடனே வர வேண்டும்.

சரி, ஆசையாக ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். செய்யுங்கள். 2 கப் ஓட்ஸ் மாவு, அரை கப் வேகவைத்து மசித்த பூசணி, ஒரு முட்டை. உப்பு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். கெட்டியாகப் பிசைந்து, அரை சென்டிமீட்டர் தடிமனில் தேய்த்து, விரல் நகமளவு வெட்டி, 175 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். கெட்டியாகப் பிடிக்காவிட்டால் மாவைக் கொஞ்சம் கூட்டுங்கள்; பூசணியில் தண்ணீர் அதிகமென்றால் இப்படி ஆகும். தீனி எல்லாம் சேர்த்து ஒரு நாள் உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 5 கிலோ நாய்க்கு அது வெறும் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 20 கிராம். விருந்தாளிகள் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஏதாவது தின்றுவிட்டதென்றால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே சொன்ன கிராம் கணக்கைப் படித்த பிறகும் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள்! பால் எந்த நஞ்சையும் முறிக்காது. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள்: பிராணியின் எடை, தின்ற பொருள், அளவு, நேரம். உப்பு மாவு என்றால், தெளிவாக நிற்கும் நாய்க்குக் குடிதண்ணீர் வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். வரும்போது மிச்சமிருக்கும் மாவு, லேபிள், கடித்த துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். யார் கொடுத்தது என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. எவ்வளவு, எப்போது என்றுதான் கேட்போம்.