கல்பாலத்துக்குக் கீழே இறங்கிப் பாருங்கள்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பழைய பாலங்களைச் சோதிக்கப் போகும்போது ஊர்க்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், இது எத்தனை டன் தாங்கும்?" நியாயமான கேள்வி. நாள் முழுக்க லோடு லாரி போகிற வழியில் குடியிருப்பவர்கள் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் கருங்கல்லால் வளைவு வளைவாகக் கட்டிய ஆற்றுப் பாலம் பாரம் தாங்காமல் விழுவது அபூர்வம். தூணுக்கு அடியில் இருந்த மண்ணை ஆறு அள்ளிக்கொண்டு போனதால் விழுந்தவைதான் அதிகம்.

கல்லை அழுத்தினால் தாங்கும், வளைத்தால் முறியும். நம் கோயில்களைக் கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தூண்கள் அத்தனை நெருக்கமாக நிற்பதற்குக் காரணமே, மேலே கிடக்கும் கல் உத்தரம் நீளமானால் நடுவில் விரிசல் விடும் என்பதுதான். ஆற்றிலும் இதே முறையில் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிமேல் மைசூர் திவான் பூர்ணையாவின் மேற்பார்வையில் 1804-ல் முடிந்த வெல்லெஸ்லி பாலம் அப்படிப்பட்டது: கல் தூண்கள் நட்டு, மேலே உத்தரமும் பலகைக் கல்லும் பாவியது. உறுதியான வேலைதான். என்றாலும் தூண் கூடக் கூடத் தண்ணீர் போகிற வழி குறைந்துகொண்டே வரும்.

வளைவில் அந்தச் சிக்கல் இல்லை. முதலில் மரத்தால் வளைவான முட்டு கொடுப்பார்கள். ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை இரண்டு பக்கமிருந்தும் அடுக்கிக்கொண்டு வந்து, உச்சியில் பூட்டுக்கல்லை இறக்குவார்கள். அப்புறம் முட்டைப் பிரித்துவிட்டால் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தாமாகவே நிற்கும். மேலே பாரம் வந்தால் அந்த நெருக்கம்தான் கூடும். கருங்கல் அதை அநாயாசமாகத் தாங்கும். மாட்டு வண்டிக்காகக் கட்டிய பாலங்கள் இன்றைக்குப் பேருந்தைச் சுமப்பது இதனால்தான்.

ஆனால் வளைவு பாரத்தை நேராகக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். நடுத்தூணை இந்தப் பக்கத்து வளைவு அங்கே தள்ள, அந்தப் பக்கத்து வளைவு இங்கே தள்ள, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். கடைசி வளைவின் தள்ளலைக் கரையோரத்துக் கனத்த சுவர் வாங்கிக்கொள்ளும். ஒரு தூண் கொஞ்சம் அமிழ்ந்தாலோ சாய்ந்தாலோ இந்தக் கணக்கு கெட்டுப்போகும். ஒரு வளைவு விழுந்தால் பக்கத்து வளைவுக்கும் பிடிமானம் போய்விடும்.

தமிழ்நாட்டில் இந்த வகைக்குப் பேர்போனது திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுத் தாமிரபரணிமேல் கட்டியது. வடிவமைத்தவர் கேப்டன் ஹார்ஸ்லி. 60 அடி இடைவெளியில் 11 வளைவுகள். திறந்தது 1843-ல். லண்டனில் தேம்ஸ் நதிமேல் இருந்த வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டது என்று சொல்வார்கள்.

மாதிரியாக இருந்த அந்த லண்டன் பாலம் என்ன ஆனது என்பதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். ஜான் ரென்னி வடிவமைத்து 1817-ல் திறந்த பாலம். 120 அடி வளைவுகள் 9, கருங்கல் கட்டுமானம். அதற்குக் கீழே, ஓட்டத்தின் போக்கில், பழைய லண்டன் பாலம் நின்றிருந்தது. பருத்த தூண்கள், குறுகிய வளைவுகள். ஏறக்குறைய ஒரு அணைக்கட்டுபோல அது தண்ணீரைத் தடுத்து வைத்திருந்தது. 1831-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்ததும் பழையதை இடித்தார்கள். தடை நீங்கியதும் ஆற்றின் வேகம் கூடி, வாட்டர்லூ பாலத் தூண்களின் அடியிலிருந்து படுகை அரிக்கத் தொடங்கியது. 1920-களில் ஒரு தூண் வெளிப்படையாகவே அமிழ்ந்தது. 1930-களில் முழுப் பாலத்தையும் இடித்துவிட்டு வேறொன்று கட்டினார்கள். கல் தேயவில்லை, வளைவும் தோற்கவில்லை. வேறொரு இடத்தில் மனிதன் செய்த மாற்றத்தால் படுகை கீழே இறங்கியது, அவ்வளவுதான்.

பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் அதே காரியத்தை நாம் மணல் அள்ளிச் செய்துகொண்டிருக்கிறோம். ஆற்றில் தோண்டிய பள்ளம் தோண்டின இடத்திலேயே நிற்காது. அடுத்த வெள்ளத்தில் அதன் மேல்விளிம்பு சரிந்து சரிந்து, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டே போகும். வழியில் பாலம் இருந்தால் அதன் தூணடிக்கும் வந்து சேரும். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-ன்படி பாலத்திலிருந்து 500 மீட்டர் சுற்றளவில் மணல் எடுக்கக் கூடாது. மணல் ஆழமாகக் கிடக்கும் நம் ஆறுகளுக்கு அந்தத் தூரமே போதாது என்பது என் கருத்து. அதையாவது மதிக்கிறார்களா என்பது வேறு கதை.

மணல் அள்ளாவிட்டாலும் அரிப்பு உண்டு. வெள்ளம் தூணில் மோதும்போது தண்ணீரில் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து, தூணடியைச் சுற்றிச் சுழன்று, மண்ணைத் துருவி எடுக்கும். பழைய பாலங்களில் தூணின் முன்பக்கத்தைக் கூர்மூக்காகக் கட்டியிருப்பது அந்த மோதலைக் குறைக்கத்தான். குழி மிக ஆழமாக இருப்பது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது. தண்ணீர் வடியும்போது புது மணல் வந்து அதை மூடிவிடும். மறுவாரம் போய்ப் பார்ப்பவருக்குச் சமதளமாகத் தெரியும், "ஒன்றும் ஆகவில்லை" என்று திரும்பிவிடுவார். அந்தப் புது மணலில் பழைய இறுக்கம் இருக்காது. இதனால்தான் இன்றைய நெடுஞ்சாலைப் பால விதிகள் தூணடியில் அரிப்பு ஆழத்தைச் சாதாரண அளவைப்போல் இருமடங்காக வைத்துக் கணக்கிடச் சொல்கின்றன.

பாலாறு வறண்ட ஆறு என்ற நினைப்பும் ஆபத்தானது. 1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பகுதி ஏரிகள் உடைந்து வாணியம்பாடியில் ஏராளமானோர் மாண்டார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் விரிஞ்சிபுரம் தரைப்பாலம் போனது நம் கண்முன் நடந்தது. அடுத்த மாதமே திருவலம், முகுந்தராயபுரம் இடையே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு, சென்னை மார்க்கத்தில் பல ரயில்களை ரத்து செய்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வந்த பழுது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடிமானத்துக்கு அடுத்தபடியாக என்னைக் கவலைப்பட வைப்பது சிமெண்ட். பழைய கல்கட்டு சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது. சுண்ணாம்பு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விட்டால் ஈரத்தில் கரைந்து, மறுபடி படிந்து, சின்ன விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும். கருங்கல் தண்ணீரை விடாது என்பதால் உள்ளே இறங்கிய மழைநீர் கல் இடுக்கு வழியாகத்தான் வெளியே வர முடியும். "பழசு, பலப்படுத்துகிறோம்" என்று இடுக்கையெல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசி, வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால் என்ன ஆகும்? நீர் உள்ளேயே தேங்கி, வளைவுக்கு மேலுள்ள பக்கச்சுவரை வெளியே தள்ளும். சுவர் புடைத்து நிற்கும் பாலங்களில் இந்தப் பூச்சை அடிக்கடி பார்க்கிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் கிடைக்கிறார்கள்.

கல் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை மேலோடு வெட்டிவிடுவதில் பயனில்லை, வேர் இன்னும் முரட்டுத்தனமாகப் பரவும். பழைய தாரைச் சுரண்டாமல் புதுத் தார் போடுவதும் வீண் பாரம்.

வறண்ட ஆற்றில் ஒரு வசதி இருக்கிறது. கோடையில் யார் வேண்டுமானாலும் பாலத்துக்கு அடியில் நடக்கலாம். தூணில் கீழே ஒரு பட்டை மட்டும் நிறம் மாறித் தெரிந்தால், முன்பு மண் அந்த உயரம்வரை இருந்தது என்று அர்த்தம். தூணுக்கு அடியில் வட்டமான கிணற்றுக் கட்டு வெளியே தெரிந்தால் அது அடிமானம். அது மண்ணுக்குள் இருக்க வேண்டிய பாகம். வளைவின் உச்சியில் கல் இறங்கியிருக்கிறதா, கைப்பிடிச் சுவர் ஒரே கோட்டில் போகிறதா என்றும் பாருங்கள். ரயில் பாலமாக இருந்தால் தூரத்திலிருந்தே பாருங்கள், தண்டவாளப் பக்கம் போக வேண்டாம்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள், உயரம் புரியும். தேதியைக் குறித்து, அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.